மடித்து எழுதிய அளவு

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் 'அரை இஞ்ச்' என்றுதான் சொல்வார்கள். நேரில் பேசும்போது மட்டும் பின்னால் ஓர் 'அக்கா' ஒட்டிக்கொள்ளும். பள்ளிச் சீருடை தைப்பது அவள் தொழில். அளவெடுத்து முடித்ததும் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "அரை இஞ்ச் கூட விடுறேன், வளர்ற பிள்ளை" என்பாள். ஒருமுறை தபால்காரர் கால்சட்டை தைக்க வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பழக்கதோஷத்தில் அவரிடமும் அதையே சொல்லிவிட்டாள். "எந்தப் பக்கமா வளருவேன்னு சொல்லும்மா, வீட்டுல முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்" என்று அவர் கேட்ட கதை அன்று சாயங்காலத்துக்குள் தெருவைச் சுற்றி வந்துவிட்டது. பெயர் அப்படி நிலைத்தது.

அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. அதிகம் பேச மாட்டாள், அளந்துதான் பேசுவாள். இருபத்திரண்டு வருடங்களில் ஒரு துணியைக்கூடத் தப்பாக வெட்டியதில்லை என்பது அவளுக்கு இருந்த ஒரே கர்வம். அதையும் வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். பழைய கதவு ஒன்றை இரண்டு மரப்பெட்டிகள் மேல் கிடத்திய வெட்டுமேசை, ஆணியில் குத்திய அளவுச் சீட்டுகள், ஜன்னலோரம் தையல் மெஷின். ஜன்னலுக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் விளையாட்டு மைதானம். மைதானம் என்று பலகையில்தான் எழுதியிருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் குழாய் பதிக்க வந்தவர்கள் தோண்டியதைத் தோண்டியபடி போட்டுவிட்டுப் போனார்கள். இங்கே ஒரு மேடு, அங்கே ஒரு பள்ளம், நடுவில் லாரி டயர் பதிந்து இறுகிய இரண்டு வாய்க்கால். ஆடுவதற்கு யாரும் உள்ளே போவதில்லை.

அவளுடைய மகள் பள்ளிப் பெண்கள் கால்பந்து அணியில் கோல்கீப்பர். பந்து கைக்கு வந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தோழிகள் அவளைப் 'பசை' என்று கூப்பிட்டார்கள். சொந்த ஊரில் மைதானம் இல்லாததால் எல்லா ஆட்டமும் வெளியூரில்தான். ஆட்டங்கள் நடக்கிற மாதங்களும் பள்ளி திறந்து சீருடை தைக்கிற மாதங்களும் ஒன்று. அதனால் மூன்று வருடங்களில் ஒரு ஆட்டத்தைக்கூட அம்மா பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மகள் கழற்றிப் போடுகிற உடுப்பில் எங்கெங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்துத்தான் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வாள். இடது முழங்கை கிழிந்திருந்தால் இடப்பக்கம் பாய்ந்திருக்கிறாள். இரண்டு முழங்காலும் கிழிந்திருந்தால் கஷ்டமான ஆட்டம். ஒட்டுப் போட்டுக்கொண்டே, "அந்தப் பக்கத்துக்காரங்க நல்லா அடிச்சாங்களோ?" என்பாள். "எப்படிம்மா தெரியும்?" என்று மகள் கேட்டால் ஊசியைக் காட்டிச் சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அம்மா! ஃபைனல் வந்துட்டோம். இந்தத் தடவை நம்ம ஊர்லதான் நடக்கணுமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டிக் குழுக்காரர் வந்து மைதானத்தைப் பார்ப்பாராம். சரியா இருந்தா சனிக்கிழமை இங்க ஆட்டம். இல்லன்னா அவங்க ஊருக்கு மாத்திடுவாங்க."

அவள் மெஷினின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். ஜன்னல் வழியே மேடு பள்ளங்களைப் பார்த்தாள். பிறகு, வாசலில் டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தாள்.

அவரிடம் ஒரு சின்ன டிராக்டர் இருந்தது. செடி வளர்க்கும் பண்ணைக்கு மண்ணும் தொட்டியும் இழுப்பது அவர் வேலை. வண்டி இருபத்தைந்து குதிரைச் சக்திதான். ஆனால் அவர் பேசினால் நூறு குதிரை பூட்டிய தேர் மாதிரி இருக்கும்.

"ஏங்க, நம்ம வண்டியால அதைச் சமமாக்க முடியுமா?"

"முடியுமாவா? நல்லாக் கேட்ட போ! பின்னால பாக்ஸ் பிளேடு ஒண்ணு மாட்டினா ஒரே நாள்ல கண்ணாடி மாதிரி பண்ணிடலாம். செடிப் பண்ணைக்கும் அது ரொம்ப நாளா வேணும்னுதான் இருந்தேன்."

பாக்ஸ் பிளேடு என்பது அடியும் முன்பக்கமும் இல்லாத இரும்புப் பெட்டி. பின்னால் ஒரு தகடு, இரண்டு பக்கமும் இரண்டு தகடுகள், இறுகிய தரையைக் கீற முன்னால் சில இரும்புப் பற்கள். டிராக்டர் இழுத்துக்கொண்டு போகும்போது மேட்டு மண்ணைச் சீவிப் பெட்டிக்குள் வாரிக்கொள்ளும். பள்ளம் வந்தால் கொட்டிக்கொண்டே போகும்.

திங்கட்கிழமை காலையில் இருவரும் டிராக்டரிலேயே விவசாயக் கருவிக் கடைக்குப் போனார்கள். கடையில் இரண்டு பெட்டிகள்தான் இருந்தன. ஒன்று நாலடி, இன்னொன்று ஆறடி. கணவருக்கு ஆறடியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"இதுதான்! இதேதான்!"

"சரியான ஆளு சார் நீங்க" என்றார் விற்பனையாளர். "பெருசா எடுத்தா வேலை சீக்கிரம் முடியும்."

அவள் கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து டிராக்டரின் பின்னால் குனிந்தாள். ஒரு பின்டயரின் வெளி விளிம்பிலிருந்து அடுத்த டயரின் வெளி விளிம்பு வரை அளந்தாள். நாடாவைத் திருப்பி இன்னொரு தடவை அளந்தாள்.

"அம்பத்திரண்டு இஞ்ச்" என்றாள். "நாலடின்னா நாப்பத்தெட்டு. டயர் தடம் ரெண்டு பக்கமும் வெளியே நிக்கும். வீட்டைத் துடைச்சுட்டு அது மேலயே நடந்து வந்த மாதிரி."

"அதான் சொல்றேன், ஆறடி!" கணவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"மாட்டிப் பாருங்க."

கடைக்குப் பின்னால் காலி இடம் இருந்தது. ஆறடிப் பெட்டியை மாட்டிக்கொண்டு கணவர் ராஜா மாதிரி கிளம்பினார். பத்தடி போவதற்குள் பெட்டி நிறைந்துவிட்டது. டிராக்டர் முனகியது. பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றின. முன்சக்கரங்கள் தரையை விட்டு லேசாக எழும்பி, 'நான் வரவில்லை' என்று சொல்வது மாதிரி நின்றன. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டு தோளும் தொங்குது" என்றாள் அவள். "வண்டி நல்ல வண்டிதாங்க. இது அதோட சட்டை இல்ல."

விற்பனையாளர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். நடுவில் உள்ள அளவு வேண்டுமானால் வர பத்து நாள் ஆகுமாம். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது.

"நம்ம வெல்டரே செஞ்சு குடுப்பான்" என்றார் கணவர் திரும்பும் வழியில். "எத்தனை இஞ்ச்னு மட்டும் நீ சொல்லு."

"டிரையல் பார்க்காம சொல்ல மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் அந்தத் தெரு பார்த்ததை அதற்கு முன் எந்தத் தெருவும் பார்த்திருக்காது. ஒட்டடைக் கம்பு ஒன்றை ஐம்பத்தாறு இஞ்சுக்கு வெட்டி, அதிலிருந்து தரை வரைக்கும் பழைய துணி ஒன்றைத் தொங்கவிட்டுத் தைத்து, டிராக்டரின் பின்னால் கட்டினாள். பெட்டி எவ்வளவு இடம் அடைக்கும் என்று பார்க்கத்தான்.

சைக்கிளை நிறுத்தினார் தபால்காரர். "என்ன தங்கச்சி, டிராக்டருக்குப் பாவாடையா?"

"ஆமாண்ணே. வளர்ற பிள்ளை" என்றார் கணவர் அவளுக்கு முந்திக்கொண்டு.

குழாய் பதித்த லாரி போன பிறகு வேலி போட்டுவிட்டார்கள். மைதானத்துக்கு இப்போது ஒரே வாசல். இரண்டு பக்கமும் கல்தூண். நடுவில் ஐம்பத்தெட்டு இஞ்ச். நேராகப் போனால் ஐம்பத்தாறு நுழைந்துவிடும். ஆனால் சாலை ஒடுக்கம். திரும்பித்தான் நுழைய வேண்டும். கணவர் திருப்பினார். கம்பு தூணில் இடித்துத் துணி டர்ரென்று கிழிந்தது. அவள் கம்பையும் துணியையும் கழற்றி ஐம்பத்து நாலாக வெட்டிக் கட்டினாள். இந்த முறை துணி தூணைத் தொட்டும் தொடாமலும் உரசிக்கொண்டு உள்ளே போனது. இரண்டு டயருக்கும் வெளியே பக்கத்துக்கு ஒரு இஞ்ச் நின்றது. தடத்தைத் துடைக்க அது போதும்.

"அவ்வளவுதானா? அரை இஞ்ச் கூட விடலையா?" என்றார் கணவர்.

"இது வளராது" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கம்பிலிருந்து துணியை அவிழ்த்தாள். பழக்கப்படி இரண்டாக மடித்து மேசையில் போட்டாள். நாடாவை வைத்துப் பார்த்து, காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சீட்டு எழுதினாள். அகலம், உயரம், ஆழம், பல் நாலு. கணவர் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெல்டரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவள் எழுதிய அளவை யார் சரிபார்ப்பார்கள்?

வியாழக்கிழமை காலையில் பெட்டியை வாங்கப் போனார்கள். மகளுக்கு அன்று பள்ளி மத்தியானம்தான். அவளும் டிராக்டரில் தொற்றிக்கொண்டாள். பட்டறை வாசலில் வெல்டர் முகக்கவசத்தை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு பெருமையாக நின்றான்.

"வாங்கண்ணே, வாங்க அண்ணி. எப்படி இருக்கு பாருங்க!"

பார்த்தார்கள். இரும்பில் செய்த மேசை இழுப்பறை மாதிரி ஒன்று தரையில் உட்கார்ந்திருந்தது. வெல்டிங் அவ்வளவு சுத்தம். நாலு பற்களும் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"என்னப்பா இது?" என்றார் கணவர். "பெட்டி எங்க?"

"இதுதாண்ணே பெட்டி."

"இதை எதுல மாட்டுறது, பூனை முதுகுலயா?"

"சின்ன வண்டின்னு சொன்னீங்க. எவ்வளவு சின்னதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்? கையால தள்ளுற உழவு மெஷினுக்குன்னு நெனச்சேன். அண்ணி எழுதினதுல இருந்து ஒரு நூல் பிசகலை, வேணும்னா பாருங்க."

சீட்டை நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்து. அகலம் இருபத்தேழு.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துணியை வெட்டும்போது மடித்துத்தானே போடுவோம். மடித்த துணிக்குப் பாதி அளவுதான் எழுதுவோம். வெட்டிப் பிரித்தால் முழுசாக வந்துவிடும். இருபத்திரண்டு வருடங்களாக அப்படித்தான் எழுதி வந்திருக்கிறாள். இரும்பை யார் மடிப்பார்கள்?

"மடிச்சு எழுதிட்டேன்" என்றாள். குரல் மிகச் சின்னதாக வந்தது.

மகள் சீட்டைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். அம்மாவின் முந்தானை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் அம்மாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தான் வெட்டிய முதல் தப்பு. அதுவும் இந்த ஒரு துணியில். சனிக்கிழமை பஸ் ஏறிப் போகும் மகளையும், சாயங்காலம் மெஷின் மேல் வந்து விழப்போகும் கிழிந்த உடுப்பையும் இப்போதே பார்த்துவிட்டாள்.

கணவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. டயரில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்தார்.

"திங்கக்கிழமை நான் ஆறடி கேட்டேன். என்னை அடக்குறேன்னு ரெண்டே கால் அடிக்கு இறக்கிட்டியே!"

வெல்டருக்கும் தொற்றிக்கொண்டது. மகளும் சிரித்துவிட்டாள். அவள் மட்டும் சிரிக்காமல் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு. மடித்த துணியைப் பார்க்கிற கண்ணோடு அந்த எண்ணைப் பார்த்தாள். மடித்த துணி பாதி இல்லை. அது முழுத் துணிதான். இன்னும் பிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

"தம்பி," என்றாள் வெல்டரிடம், "இதே மாதிரி இன்னொண்ணுக்குத் தகடு இருக்கா?"

"இருக்கே. ஆனா ரெண்டு குட்டிப் பெட்டியை வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

"ரெண்டு இல்ல. இதோட மறுபாதியைச் செய். இந்தப் பக்கத் தகட்டை எடுத்துட்டு, ரெண்டையும் நடுவுல சேர்த்துத் தை."

"தைக்கிறதா?"

"அதான், ஒட்டு. எங்க ஊசியில தையல், உங்க ஊசியில ஒட்டு."

வெல்டர் தலையைச் சொறிந்தான். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "வண்டியில மாட்டுற காது இன்னும் வைக்கலை. வண்டியைப் பார்த்து வைக்கலாம்னு விட்டுட்டேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். பிறகு அவன் முகமும் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு! நடு ஒட்டு மேலயே மேல்காதை வெச்சுடலாம். கழற்றின பக்கத் தகட்டை ஒட்டுக்குப் பின்னால முதுகெலும்பு மாதிரி நிக்க வெச்சா வளையவே வளையாது. பெட்டிக்குக் கொஞ்சம் கனமும் கிடைக்கும். கனம் இல்லன்னா மண்ணு மேலயே துள்ளிக்கிட்டுப் போகும். அண்ணி, நீங்க தப்பா எழுதலை. நடுத்தையல் வெச்ச மாடல் எழுதியிருக்கீங்க!"

"காதுல பூ சுத்தாத. வேலையைப் பாரு" என்றாள். ஆனால் சிரித்துவிட்டாள்.

அன்று முழுவதும் அவள் பட்டறையை விட்டு நகரவில்லை. நாலு பல்லில் இரண்டைப் பிடுங்கி மறுபாதிக்கு மாற்றினான் வெல்டர். ஒட்டுவதற்கு முன் அவள் நாடாவைப் போட்டு மூன்று இடத்தில் அளந்தாள். "அண்ணி, நான் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு நேரம் நின்னதில்ல" என்று அவன் புலம்பினான். வெயில் தாழும்போது பெட்டி டிராக்டரில் ஏறியது. ஐம்பத்து நாலு இஞ்ச். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு தையல். அந்தத் தையலின் கீழ்நுனி, எவ்வளவு தேய்த்தும், வெட்டுகிற விளிம்பில் இம்மியளவு பள்ளமாக நின்றுவிட்டது. "பரவாயில்ல, விடு" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் டிராக்டர் கல்தூண்களுக்கு நடுவே, தொட்டும் தொடாமலும், உள்ளே போனது. முதலில் பற்களை இறக்கி இறுகிய தடங்களைக் கீறினார் கணவர். பிறகு பற்களைத் தூக்கிவிட்டுப் பெட்டியை மட்டும் இறக்கினார். ஆரம்பத்தில் ஆசையில் ஆழமாக இறக்கிவிட்டு, இருக்கிற பள்ளம் போதாதென்று புதிதாக ஒன்று தோண்டினார்.

"ஏங்க, முடி வெட்டச் சொன்னா தலையை வெட்டுறீங்களே!"

"அடியே, வண்டியில உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியும்."

"நூல் கட்டுறேன், இருங்க."

மைதானத்தின் இரண்டு ஓரத்திலும் குச்சி நட்டு, தையல் நூலை இழுத்துக் கட்டினாள். நூலுக்குக் கீழே எங்கே மண் முட்டுகிறது, எங்கே இறங்குகிறது என்று கை காட்டிக்கொண்டே அவள் முன்னால் நடக்க, அவர் பின்னால் மெல்ல வந்தார். நூல் பிடித்த மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். இவர்கள் நிஜமாகவே நூல் பிடித்தார்கள். பெட்டி மேட்டில் நிறைந்தது, பள்ளத்தில் கொட்டியது. வண்டி முனகவில்லை, முன்சக்கரம் எழும்பவில்லை. ஒவ்வொரு நடைக்குப் பின்னும் அவள் குனிந்து பார்த்தாள். டயர் தடம் ஒன்றுகூட இல்லை. நடுத்தையல் விட்ட ஒரு மெல்லிய மண்கோடு மட்டும் இருந்தது. அடுத்த நடையில் அதுவும் அழிந்துபோனது.

மதியத்துக்குள் தெரு முழுக்க வேலியோரம் வந்து நின்றது. மகளின் தோழிகள் பள்ளி விட்டதும் ஓடி வந்து கூழாங்கற்களைக் கூடையில் பொறுக்கினார்கள். தபால்காரர்கூடச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நாலு கல் பொறுக்கினார்.

"கடைசியா ஒரு நடை" என்றார் கணவர். "எந்தப் பக்கம் போகட்டும்?"

அவள் நின்று யோசித்தாள். கடைசி நடையின் கோடு அழியாது. இரண்டு பக்கத்துக் கோல் கம்பங்களுக்கும் சரி நடுவே நாடாவால் அளந்து, மைதானத்துக்குக் குறுக்காக நூலைக் கட்டினாள். "இது மேல வாங்க. கோடு நூலை விட்டு விலகக் கூடாது." அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் போட்டிக் குழுக்காரர் வந்தார். பேச்சில்லாத மனிதர். கையில் ஒரு பந்து. அதை ஒரு மூலையில் வைத்து உள்ளங்காலால் தள்ளிவிட்டார். பந்து உருண்டது. துள்ளாமல், திரும்பாமல், சோம்பேறித்தனமாக உருண்டு போய் மைதானத்தின் நடுவில் நின்றது. அவர் அங்கே போய்க் குனிந்தார்.

"இது என்ன கோடு? நடுக்கோடு அதுக்குள்ள போட்டுட்டீங்களா? இவ்வளவு நேரா யாரு போட்டது?"

"அது கோடு இல்ல சார்" என்றான் வெல்டர் கூட்டத்துக்குள்ளிருந்து. "அது தையல்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கையிலிருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். மகள் போட்ட கூச்சலில் அவர் பேனா நழுவி விழுந்தது.

சனிக்கிழமை கடைக்கதவில் ஒரு சீட்டு தொங்கியது: 'இன்று மத்தியானம் கடை இல்லை. வளர்ற பிள்ளை ஆடுகிறாள்.' அவள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். இவர்கள் அணி முதல் பாதியில் ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதி முழுக்க எதிரணி இந்தக் கம்பத்தை நோக்கியே வந்துகொண்டிருந்தது. கடைசி நிமிடத்தில் ஒரு பந்து இடது மூலைக்குத் தாழ்வாகப் பறந்தது. மகள் முழு நீளத்துக்கு நீட்டிப் பாய்ந்தாள். தரையில் வழுக்கிக்கொண்டே போனாள். பந்து கையில் ஒட்டிக்கொண்டது.

விசில் ஒலித்தது. எல்லோரும் உள்ளே ஓடினார்கள். கணவர் வெல்டரைத் தூக்கிக்கொண்டு ஆடினார், வெல்டர், "இறக்குங்கண்ணே, நான் இருபத்தேழு இஞ்ச் இல்ல!" என்று கத்தினான்.

மகள் மண்ணோடு மண்ணாக அம்மாவிடம் வந்து நின்றாள். அவள் பழக்கதோஷத்தில் மகளின் இடது கையைப் பிடித்து முழங்கையைத் திருப்பினாள். குனிந்து இரண்டு முழங்காலையும் தடவினாள். மண் மட்டும்தான். எங்கும் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"என்னம்மா தேடுற?" என்றாள் மகள் சிரித்துக்கொண்டே. "இன்னைக்குத்தான் நேர்லயே பார்த்துட்டியே!"